ஆறு வயதிலேயே நின்றுவிட்ட சுண்டு

மனிதர்கள் செய்யும் வெட்டி வேலைகளிலேயே முதலிடம் பிறந்தநாளுக்குத்தான். இதை முடிவு செய்தவன் ஆறாம் வகுப்பு படிக்கும் தேதி. அவன் முடிவு செய்துவிட்டால் உலகம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தேதி என்பது பட்டப்பெயர். தினமும் காலை பள்ளி ஒலிபெருக்கியில் 'இதே நாளில்' வாசிப்பது அவன் பொறுப்பு. முன்பு நடந்த ஒரு சம்பவம், இன்று என்ன தினம், இன்று பிறந்தவர் யார் என்று மூன்று பகுதிகள். பொறுப்பேற்றதுமே அவன் மூன்றாவதைத் தூக்கினான். போர் நடத்தப் படை வேண்டும், கப்பல் மூழ்கக்கூட ஒரு பாறையாவது வேண்டும். பிறப்பதற்கு என்ன வேண்டும், சும்மா வந்து விழுந்தால் போதும், அதற்கொரு கைதட்டலா என்று தலைமையாசிரியையிடமே கேட்டான். வேலை மும்முரத்தில் அவரும் சரி என்றுவிட்டார்.

ஒருநாள் பள்ளிக்கு மருத்துவர் வந்தார். மூன்றாம் வகுப்பில் எடை பார்க்கும்போது சுண்டுவிடம் வயதைக் கேட்டார். ஆறு என்றாள். ஆறு வயதில் மூன்றாம் வகுப்பா என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆசிரியை மிரட்டியும் ஆறிலிருந்து இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

சுண்டு தேதியின் சித்தப்பா மகள். ஒரே மாடிக் குடியிருப்பில் எதிர் வீடு. ஆகவே விசாரணை அவன் தலையில் விழுந்தது. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான்.

"ஏன்டி பொய் சொன்னே?"

"பொய் இல்லண்ணா. பிறந்தநாள்னு ஒண்ணும் கிடையாது, நாலு பேருக்கு அறிவிக்கிறதுதான்னு நீதானே சொன்னே. போன வருஷம் யாரும் அறிவிக்கல. அதான் வயசு ஏறல."

தேதி சொன்னதுதான், வார்த்தைக்கு வார்த்தை.

போன வருடம் சுண்டுவின் பிறந்தநாளன்றுதான் ஆலையில் கொதிகலன் வெடித்தது. காலையில் வேலைக்குப் போன சித்தப்பா திரும்பவில்லை. அந்தத் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் யாரோ ஒருவர் திரும்பவில்லை. அன்று யாருக்குப் பிறந்தநாள் என்று யார் யோசிப்பார்கள்?

நாளை மறுபடியும் அதே தேதி.

"நாளைக்கும் அறிவிக்க மாட்டாங்கல்ல?" என்றாள் சுண்டு. "பரவால்ல. நான் ஆறுலயே இருந்துக்கறேன். அப்பாவுக்கு என்னை ஆறு வயசாத்தான் தெரியும். பெருசாயிட்டா அடையாளம் தெரியாது."

அன்று சாயங்காலம் தேதி சித்தி வீட்டுக்குப் போனான். சித்தி கூலிக்குச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சுண்டு சொன்னதைச் சொன்னான். நாளைக்கு ஒலிபெருக்கியில் அவள் வயதைச் சொல்லலாமா, தப்பா நினைப்பீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த பொத்தானை எடுத்தாள். தைக்கவில்லை.

"அவருக்குத் தெரியும்ப்பா," என்றாள். "அன்னிக்கு விடியக்காலையில அவளைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, என் பொண்ணுக்கு ஏழு வயசுன்னு மாடிப்படி முழுக்க எதிர்ப்பட்டவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனாரு. இவ தூக்கத்துல இருந்தா. நான்தான் இவகிட்ட சொல்லல. சொல்ல வாய் வரல." பொத்தானைச் சட்டையில் வைத்துக்கொண்டே, "நீ சொல்லு," என்றாள்.

மறுநாள் காலை தேதி விபத்தைப் பற்றி வாசித்தான். இறந்தவர்களின் பெயர்களை வாசித்தான். சித்தப்பா பெயர் வந்த இடத்தில் இருமுவதுபோல நிறுத்தி, மறுபடி வாசித்தான். பிறகு எல்லோரும் மௌனமாக நின்றார்கள். எங்கோ ஒரு பிள்ளை விசும்பியது. யாரும் அதட்டவில்லை.

மௌனம் முடிந்தது. தலைமையாசிரியையின் விரல் ஒலிபெருக்கியை அணைக்கப் போனது.

"டீச்சர், இன்னும் ஒரு பகுதி இருக்கு."

"அதை நீதானே எடுத்துட்டே?"

"ஆமா டீச்சர்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"இதே நாளில் பிறந்தவர், மூன்றாம் வகுப்பு சுண்டு," என்று தேதி வாசித்தான். "போன வருடம் இவருக்கு ஏழு வயதானதை இவருடைய அப்பா அன்று விடியற்காலையிலேயே மாடிப்படி முழுக்க அறிவித்துவிட்டார். அப்போது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்று எட்டு."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டும் நாளில்லை அது. மூன்றாம் வகுப்பு வரிசையில் சுண்டு மட்டும் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் விரல்களை விரித்துக் காட்டினாள். ஒரு கையில் ஐந்து, மறு கையில் மூன்று.

ஒலிபெருக்கி அணைந்தது. மேடையில் நின்றபடியே தேதி, சத்தம் எழாமல், இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தட்டினான்.