கழுவாத கை

விடியலில், கண்ணாடிக் கூரை போட்ட பூசணி மூடுவயலுக்குள் பொய்ப்பூ கசக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அடியில் பிஞ்சு இல்லாமல் வெறுங்காம்பில் நிற்கும் ஆண்பூவுக்குத்தான் அந்தப் பெயர். பறித்து, உள்ளங்கையில் நசுக்கி, சுண்ணாம்புக் குழியில் எறிந்துவிட்டு, குழாயடியில் வரிசையாய் நின்று கை கழுவ வேண்டும். தேனி மாவட்டத்தில் தேனீக்கள் அழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. மகரந்தம் என்பது அரசாங்க வேளாண் நிலையத்திலிருந்து ‘தூவி’ பறந்துவந்து தெளிக்கும் மஞ்சள் பொடி என்றே சனங்கள் நினைத்தார்கள். வயதானவர்கள் மட்டும் தூவியை ட்ரோன் என்பார்கள். சொந்தப் பூவின் பொடி பட்டால் காய் கெட்டுவிடும், படவிட்ட மேற்பார்வையாளருக்கு வேலை போய்விடும் என்று நிலையம் சொல்லியிருந்தது. நிலையம் சொன்னால் மறுபேச்சு ஏது?

அந்த வயலின் மேற்பார்வை பவளக்கொடியிடம் இருந்தது. ஒரு பொய்ப்பூ தப்பினாலும் வாயால் வறுத்தெடுத்துவிடுவாள். அன்று அவள் கை கழுவித் திரும்பும்போது கூரை ஒலிபெருக்கி பேசியது. வெளியே புழுதிப்புயல்; தூவி நாளைதான் வருமாம்.

நாளை வந்தால் போகிறது என்று மற்றவர்கள் இருந்தார்கள். பவளக்கொடியால் அப்படி இருக்க முடியவில்லை. பூசணிப்பூவுக்கு நாளை என்பது கிடையாது. விடியலில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பருவத்தின் கடைசிப் பெரும்பூப்பு இது. இதிலும் காய் பிடிக்காவிட்டால் வயலுக்கு முத்திரை வைத்து, குடும்பங்களை நகர அடுக்குமாடிகளுக்குத் திசைக்கொன்றாய் அனுப்பிவிடுவார்கள். பக்கத்து வயலுக்கு அதுதான் நடந்தது.

முந்தானை ஓரத்தில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்தாள். தூவியின் பொடிக்கும் இதே நிறம், இதே வாசம். நிலையத்துக்காரன் பொடியை ஆகாயத்திலிருந்தா பிடிக்கிறான்? அவனும் ஏதோ ஒரு பொய்ப்பூவிலிருந்துதானே எடுக்க வேண்டும்?

யாரும் கழுவாதீர்கள் என்று கத்திக்கொண்டே குழாயடிக்கு ஓடினாள். எல்லாருடைய கையும் ஈரமாய், சுத்தமாய் இருந்தது. குழியில் விழுந்த பூக்கள் சுண்ணாம்பில் வெந்திருந்தன; முந்தானைப் பொடி நாலு பூவுக்கும் காணாது. மஞ்சள் கையோடு ஒருவன் மட்டும் மிச்சம். அவள் கொழுந்தன் தவசி.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாதவன். ஊர் அவனுக்கும் பொய்ப்பூ என்று பெயர் வைத்திருந்தது. அவன் தொட்ட குழாயை அடுத்தவர் தொடக்கூடாது என்று கடைசியில் நிறுத்துவார்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்த புண்ணியவதியே பவளக்கொடிதான்.

“கழுவாதீங்க தம்பி. அந்தக் கை வேணும்” என்றாள்.

தவசி ஓடும் தண்ணீருக்குச் சற்று இப்பால் கைகளை நிறுத்தினான். “இன்னைக்கு மட்டும் என் கை ஆகுமா மதினி?”

“என்னைக்கும் ஆகும். ஆகாதுன்னது என் வாய்க்கொழுப்பு. எம்மேல உள்ள கோவத்தப் பூ மேல காட்டிறாதீங்க.”

அவன் அசையவில்லை. கூரை வழியாக வெயில் முதல் சாலில் விழுந்துவிட்டது. கையை ஒரு சாண் நீட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பவளக்கொடி பயத்தோடும் வெட்கத்தோடும் அந்தக் கைகளையே பார்த்து நின்றாள்.

தவசி முழங்கையால் குழாயை அடைத்தான். இத்தனை பூவுக்குத் தான் ஒருவன் ஓடமுடியாது, வந்து தொட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். ஒருவரும் நகரவில்லை.

பவளக்கொடி விரலைத் துடைத்துக்கொண்டு அவன் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தாள். முதல் சாலுக்கு ஓடி, பிஞ்சுப்பூவின் நடுவிலிருந்த பிசுபிசுப்பில் தொட்டு வைத்தாள். பிறகு எல்லாரும் அவன் கையை மொய்த்தார்கள். தொடுவதும் ஓடுவதும் திரும்பி வருவதுமாக வயல் அல்லோலகல்லோலப்பட்டது. கடைசிச் சால்களுக்குப் போவதற்குள் பூக்கள் சுருங்கிவிட்டன.

அந்த வாரமே தொலைவிலிருந்த பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மற்றவை பச்சை பிடித்துப் பருத்தன. சோதனைக்கு வந்த நிலைய அதிகாரி, வயல் தேறிவிட்டது, முத்திரை வேண்டாம் என்றார். ஆனால் தூவி வராத நாளில் காய் பிடித்தது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. பவளக்கொடியைப் பல வருஷமாகத் தெரிந்தவர் என்பதால், வேறு ஏதோ வயலின் பொடி புயல்காற்றில் கூரை இடுக்கு வழியே வந்திருக்குமோ என்று அவரே ஒரு வழியும் காட்டினார்.

தலையாட்டியிருந்தால் வேலை தப்பியிருக்கும். பவளக்கொடி பின்னால் நின்ற தவசியைத் திரும்பிப் பார்த்தாள்.

“காத்து இல்ல சார். எங்க வீட்டுப் புள்ள கை.”