எட்டாவது மாடிக்குத் தெரியாத இடம்

“தபால், உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உங்கம்மாவை” என்றார் சித்தப்பா.

அம்மா அவருக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“தபால், வேணும்னா எட்டி எடுத்துக்கச் சொல்லு உங்க சித்தப்பாவை. குறுக்கே நுழையறதுதான் அவருக்கு நல்லா வருமே!”

தபால் என்பது பத்து வயதுப் பெண். மூன்று வாரமாக அதுதான் அவள் பெயர். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குச் செய்தி கொண்டுபோவதுதான் அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. வைத்த கையோடு செய்தித்தாளை விரித்து, அதற்குப் பின்னால் குடிபோய்விட்டார்.

தபால் எழுந்து போய் உப்பை எடுத்துக் கொடுத்தாள். இது எல்லாம் ரோட்டில் வரைந்த ஒரு மோட்டார் சைக்கிள் படத்தால் வந்த வினை.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். சித்தப்பா, மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறார். ஐஸ் பெட்டிக்குள் குட்டிக் குட்டிக் குழாய்கள் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுவிடும். ஒரு தடவை குத்து வாங்கி அழுது முடித்த குழந்தைக்கு மறுபடியும் ஊசி.

பேருந்துகளுக்கு மட்டும் என்று இருந்த தடத்தில் மோட்டார் சைக்கிள்களையும் ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்று நகரத்தில் முடிவானது. போக்குவரத்துக் குழுத் தலைவர் ரிப்பன் வெட்டினார். தடையில்லாமல் போகும் தடத்தைத் திறந்துவைப்பதற்காக, அன்று காலை மூன்று மணி நேரம் தடத்தை மூடிவைத்தார்கள்.

சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

நான்காம் நாள், அம்மா நிறுத்தத்துக்காகப் பேருந்தை ஓரமாக ஒதுக்கினாள். அதே ஓரத்தில் சித்தப்பா வந்துகொண்டிருந்தார். பேருந்து நெருங்கவும் நடைபாதையில் ஏறித் தப்பித்தார். ஆனால் அங்கே ஒரு குப்பைத்தொட்டி இருந்தது.

யாருக்கும் அடி இல்லை. ஐஸ் பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மாவும் சித்தப்பாவும் நடுரோட்டில் நின்று கத்திய கத்தலில் பேருந்திலிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அவர்கள் மட்டுமல்ல. நகரம் முழுவதும் இதே கதைதான். இன்று பத்து மணிக்குத் தலைவர் பேருந்துப் பணிமனைக்கு வந்து தன் முடிவைச் சொல்லப்போகிறார். தடத்தை மோட்டார் சைக்கிள்களுக்கு மறுபடி மூடப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது.

“மூடினா என்ன பண்ணுவீங்க சித்தப்பா?” என்று, பள்ளி விடுமுறையானதால் சித்தப்பாவின் வண்டியில் பணிமனைக்குப் போகும்போது தபால் கேட்டாள்.

“பழையபடி ஐஸ் உருகறதை வேடிக்கை பார்ப்பேன்” என்றார் அவர்.

பணிமனையில் அம்மாவின் பேருந்து நின்றிருந்தது. அம்மா சாவியை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போயிருந்தாள். தபால் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவுப் பக்கக் கண்ணாடி அவள் பள்ளிப்பை அளவுக்கு இருந்தது.

“ஏய், இறங்கு. உங்கம்மா வந்தா அதுக்கும் என்னைத்தான் திட்டுவா.”

குரல் கேட்டது. ஆளைக் காணோம்.

“சித்தப்பா, எங்க இருக்கீங்க?”

“இங்கதான். பஸ் பக்கத்துல.”

“கண்ணாடியில இல்லையே!”

“விளையாடாதே. அவ்வளவு பெரிய கண்ணாடி. அதுல நான் தெரியாமப் போவேனா?”

“சத்தியமா இல்ல. ரெண்டடி பின்னால போங்க… இன்னும்… இன்னும்… ஆங், இப்ப மூக்கு வந்துடுச்சு!”

தபாலின் சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். வகுப்பில் கரும்பலகை அவள் பொறுப்பு. ஒரு துண்டைத் திறந்திருந்த கதவு வழியாக எறிந்தாள். “மூக்கு தெரிஞ்ச இடத்துல கோடு போடுங்க. இப்ப முன்னால வாங்க.”

சித்தப்பா நகர்ந்து நகர்ந்து கோடு போட்டார். கால் மணி நேரத்தில் பேருந்தின் கதவுப் பக்கத்தில், தரையில் நீளமாக ஒரு கட்டம் விழுந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமில்லை, ஒன்பதை நிறுத்தலாம். கண்ணாடியில் ஒன்றுகூடத் தெரியாது.

பிறகு சித்தப்பா தானே அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். தபால் கட்டத்துக்குள் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். குதித்தாள். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கிறுக்கல் இது?” அம்மா வந்துவிட்டாள்.

“அண்ணி, இந்த இடம் உங்களுக்குத் தெரியவே தெரியாதா?” என்றார் சித்தப்பா. மூன்று வாரத்தில் தபால் இல்லாமல் போய்ச் சேர்ந்த முதல் செய்தி அது.

“தெரியாது. பஸ் ஓட்டற எல்லாருக்கும் இது தெரிஞ்ச விஷயம்தானே?”

“பஸ் ஓட்டறவங்களுக்குத் தெரியும். எங்களுக்கு யார் சொன்னா?”

அம்மா குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள்.

“நீங்க பார்த்துட்டே வழிவிடலைன்னு நினைச்சேன்” என்றார் சித்தப்பா.

“என் கண்ணுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சே நுழையறீங்கன்னு நான் நினைச்சேன். அதுக்குன்னு அந்த ஓரத்துலயா வரணும் தம்பி?”

“ரோட்டுல மோட்டார் சைக்கிள் படத்தை அந்த ஓரத்துலதானே வரைஞ்சிருக்காங்க? படம் இருக்கற இடத்துல போறோம்.”

அம்மா பேருந்தின் படியில் உட்கார்ந்தாள். “அன்னைக்குக் கோபத்துல கத்தலை தம்பி. பயந்துபோயிட்டேன். அது தெரியக் கூடாதுன்னு கத்தினேன்.”

“நான் குப்பைத்தொட்டிக்குள்ள விழுந்தது தெரியக் கூடாதுன்னு கத்தினேன்.”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சது” என்றாள் அம்மா.

பத்து மணிக்கு வர வேண்டிய தலைவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், நடுவில் அவர். ஒரு பக்கம் ஓட்டுநர்களும் மறுபக்கம் மோட்டார் சைக்கிள்காரர்களும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“இந்தத் தடத்தை என் அலுவலகத்தின் எட்டாவது மாடியிலிருந்து தினமும் கவனித்து வந்தேன்” என்று ஒலிபெருக்கியில் தொடங்கினார் தலைவர். “அங்கிருந்து எல்லாம் தெளிவாகத் தெரியும். குறை மக்களிடம்தான். பொறுமை இல்லை, ஒழுங்கு இல்லை. ஆகவே, தடத்தை…”

“ஐயா, மூடறதுக்கு முன்னால ஒரு சின்ன உதவி” என்றாள் தபால்.

எல்லாரும் திரும்பினார்கள். தலைவரின் உதவியாளர் “உஷ்!” என்றார்.

“இந்த பஸ்ஸோட டிரைவர் சீட்டுல ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பக்கத்துல எத்தனை மோட்டார் சைக்கிள் நிக்குதுன்னு சொல்றீங்களா?”

புகைப்படம் எடுக்கிறவர் இருப்பதைத் தலைவர் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் தான் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஏறி உட்கார்ந்து, படத்துக்கு ஒரு சிரிப்பு சிரித்து, கண்ணாடியைப் பார்த்தார். சித்தப்பாவும் நண்பர்களும் சத்தமில்லாமல் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டத்துக்குள் நிறுத்தினார்கள்.

“ஒன்றுகூட இல்லை” என்றார் தலைவர்.

“நல்லாப் பாருங்க ஐயா.”

“நன்றாகத்தான் பார்க்கிறேன். என் பார்வையில் எதுவும் தப்பாது.”

ஒன்பது ஹாரன்கள் ஒன்றாக அலறின.

தலைவர் இருக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். இறங்கி வந்து கட்டத்தைப் பார்த்தார். ஓட்டுநர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அம்மாவுக்கு வந்ததுபோல ஒரு நாலாம் நாள் இருந்தது.

“ரோட்டுல அந்த மோட்டார் சைக்கிள் படத்தை ஏன் சார் இந்த ஓரத்துல வரையச் சொன்னீங்க?” என்று ஒரு ஓட்டுநர் கேட்டார்.

தலைவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார்.

“எட்டாவது மாடியிலிருந்து பார்த்தால் அங்கேதான்… எடுப்பாக இருந்தது” என்றார் தலைவர், ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

“படத்தை மறுபக்கம் மாத்திடுங்க. ஸ்டாப் வர்ற இடத்துல இதே மாதிரி ஒரு மஞ்சள் கட்டம் போடுங்க. அதுக்குள்ள நாங்க வர மாட்டோம். பஸ் நின்னா பின்னால நிப்போம்” என்றார் சித்தப்பா.

“பின்னால நின்னா எனக்குப் பயமில்லை. தடம் திறந்தே இருக்கட்டும்” என்றாள் அம்மா.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நடுவில் இந்தப் பாப்பா பேசிவிட்டது. நம் குழுவின் நீண்ட ஆய்வுக்குப் பின்…”

கைதட்டல் பலமாக இருந்தது. தனக்குத்தான் என்று நினைத்துத் தலைவர் கையசைத்தபடி காரை நோக்கி நடந்தார். அப்போதுதான் தபால் கவனித்தாள். அவருடைய கறுப்புக் காற்சட்டையின் பின்பக்கத்தில் வெள்ளையாக, வட்டமாக, ஒரு பெரிய சாக்பீஸ் தடம். சித்தப்பா மிச்சத் துண்டை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். ஓட்டுநர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் முதன்முறையாக ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

தபாலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அடுத்து எங்கெங்கே போவாரோ, எத்தனை பேர் முன்னால் நிற்பாரோ என்று யோசித்தாள். ஓடிப்போய் மெதுவாகச் சொன்னாள்.

“ஐயா, பின்னால சாக்பீஸ் ஒட்டியிருக்கு.”

தலைவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். “எங்கே? எனக்குத் தெரியவில்லையே!”

“உங்களுக்குத் தெரியாது ஐயா. அதான் சொல்றேன்.”

தலைவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“அண்ணி, உப்பு.”

“இந்தாங்க தம்பி.”

எழுந்திருக்கப் போன தபால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேலை போய்விட்டது.

செய்தித்தாளின் மேல் விளிம்புக்கு மேலே மெதுவாக இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

“என்ன, நான் வெளியே வரலாமா?” என்றார் அப்பா.