சாவியைக் கொடுக்காதே!

போன் அலறியது.

சிஸுரு பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா... அவங்க சொல்றதைச் செஞ்சுடு! கத்தி வெச்சிருக்கான்..."

தம்பி சோஸ்கே! லைன் செத்தது.

அடுத்த நொடி அவள் கம்ப்யூட்டரில் ஒரு செய்தி. பேர் ஊர் தெரியாத, நேற்று முளைத்த அக்கவுன்ட்.

'உன் ஆப்பில் இருக்கும் சாவிகள் அத்தனையையும் அழி. இல்லாவிட்டால் தம்பி பிணம்.'



அவள் ஆப் இயங்குவது முதலாளியே இல்லாத ஒரு நெட்வொர்க்கில். பாஸ்வேர்டு மாதிரி நீளமான ஒரு ரகசியச் சாவி; அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆள். ஒவ்வொரு செய்தியிலும் சாவியால் போடும் டிஜிட்டல் கையெழுத்துதான் அத்தாட்சி. தொலைந்தால் தொலைந்ததுதான், மாற்றித் தர ஆபீஸ் கிடையாது! பழைய ஆட்கள் தங்கள் சாவியைத் தாங்களே காத்தார்கள். புதிதாக வந்த நர்ஸ்களுக்கும் மீன்கடைக்காரர்களுக்கும் அது கைவரவில்லை. அவர்களுக்காகச் சிஸுருவின் ஆப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

அழித்தால் அத்தனை பேரும் அனாதை!

"போலீஸுக்குப் போனா..."

"பையனைக் கொன்னுடுவான்மா!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரோசே பதறினார். நெட்வொர்க்கின் ஆரம்பகால ஆசாமி. புதியவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் சோஸ்கேவைக் காணோம் என்றதும் ஃபுகுவோகா நகரின் பாதியைக் கடந்து ஓடி வந்திருந்தார். "தலைபாடா அடிச்சுக்கிட்டேனே... சாவியை அடுத்தவங்க கிட்ட கொடுக்கிற கூட்டத்தை உள்ளே விடாதேன்னு. கேட்டியா?"

"இப்ப அதுவா சார் முக்கியம்?" உடைந்து அழுதாள்.

"இல்லைதான். அழிச்சுடு. உசிரைவிட அது பெரிசா?"

கண்ணீரில் திரை கலங்கியது. அழிப்பதற்கு முன், மிரட்டியவனின் அக்கவுன்ட்டை ஒரே ஒரு முறை தேடிப் பார்த்தாள்.

தூக்கிவாரிப்போட்டது!

அது அவளுடைய ஆப்பிலேயே திறந்த அக்கவுன்ட். புதியவன் வேஷம்! மொத்தமாக அழித்தால் தன் தடயமும் சேர்ந்து அழியும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

அவன் சாவி இப்போது அவள் கையில். அவனுடைய ரகசியச் செய்திகளும் திறந்தன. ஒரே ஒரு ஆளோடுதான் பேச்சு. அந்த ஆள் கடைசியாக எழுதியிருந்தது:

'பையனைக் கட்டிப் போட்டாச்சு. அடுத்து?'

"என்னம்மா யோசனை? அழி!"

"இதோ சார்..."

கீபோர்டில் தட்டினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

குரோசே பெருமூச்சு விட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். சிஸுரு போனையே வெறித்தாள். அவன் நம்புவானா... நம்பாவிட்டால் தம்பி?

போன்! ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! விட்டுட்டான்! 'பையனை அனுப்பிடு'ன்னு அவன் முதலாளி கிட்டருந்து மெசேஜாம். கையெழுத்து சரியான்னு சோதிச்சுப் பார்த்துட்டு கட்டை அவுத்துட்டான். போலீஸ் பூத்லதான் நிக்கறேன்!"

டீக் கோப்பை தரையில் சிதறியது.

"முட்டாப் பய! நான் எங்கே அப்படி எழுதினேன்?" கத்தினார் குரோசே.

கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

சிஸுரு அவர் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்ன மனுஷன்! மெல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுதலை. என் ஆப்புல நீங்க விட்டுவெச்ச சாவியால நான் எழுதினேன். அடுத்தவங்க கிட்ட கொடுக்காதேன்னு ஊருக்கெல்லாம் தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே சார்... நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?"