துவைக்கக் கூடாத சட்டை

அன்று மாலை கருப்பி உதைக்கவில்லை.

உதைக்கும் என்றுதான் ரமணி காத்திருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மடியில் அவள் கை பட்டதும் அந்தத் தாய் ஆடு பின்காலைத் தூக்கும், பாலை மேலே இழுத்துக்கொள்ளும், வாளி உருளும். மற்ற ஆடுகளும் அதைப் பார்த்துப் பழகியிருந்தன. இன்று அவள் குந்தி உட்கார்ந்ததுமே கருப்பி தொண்டைக்குள் மெல்லக் கனைத்துவிட்டுக் காலை அகட்டி நின்றது. பரண் கொட்டகையின் பலகைச் சந்துகள் வழியே கீழிருந்து புழுக்கை நெடியும், கொசுவுக்காக மூட்டிய தேங்காய் மட்டைப் புகையும், தூரத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாசமும் ஒன்றாகக் கலந்து ஏற, வாளிக்குள் பால் சர், சர் என்று ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ரமணிக்கு இவ்வளவு சீராகக் கறக்க வராது.

அவள் போட்டிருந்தது அவளுடைய சட்டை அல்ல. நீலக் கட்டம் போட்ட அந்த முழுக்கைச் சட்டை, அவள் கணவன் அழகேசனின் முதல் மனைவி தங்கமணியுடையது. தங்கமணி காய்ச்சலில் இறந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. ஆடு முகத்தைப் பார்க்காது, வாசத்தைத்தான் பார்க்கும் என்று சொல்லி, அழகேசனின் அக்கா அன்னம்மா அதைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"கறக்குற வரைக்கும் மாட்டிக்க. அப்புறம் ஆணியில போட்டுடு. துவைக்க மட்டும் செய்யாத. வாசம் போச்சுன்னா பாலும் போச்சு."

செத்தவர்கள் துணியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. இதை மட்டும் ஏன் வைத்தார்கள் என்று கேட்க ரமணிக்கு வாய் வரவில்லை. தான் எதையும் தப்பாகவே புரிந்துகொள்கிறவள் என்ற எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு.

கொட்டகை வாசலில் அன்னம்மா வந்து நின்றாள். சிறிது நேரம் ரமணியின் கைகளையே பார்த்தாள்.

"ஏய், கட்ட விரல உள்ள மடக்கியா கறக்குற?"

"தெரியல அக்கா. தானா வருது."

"எங்க வீட்ல அப்படிக் கறந்தவ ஒருத்திதான்" என்றாள் அன்னம்மா. வீட்டுக்குள் போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அழகேசன் நிறைந்த வாளியை எட்டிப் பார்த்தான். "ஆடு உன்கிட்ட பால் விட்டா படிக்கப் போலாம்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். போ" என்றான். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்து, மூன்றாம் படிவத்தில் கோட்டைவிட்ட எஸ்.ஆர்.பி. பரீட்சையைத் திரும்ப எழுதினால், ரவாங் பக்கம் ஏதாவது தொழிற்சாலை ஆபீசில் வேலை கிடைக்கும். இந்தச் செம்பனைக் காட்டிலிருந்து வெளியேற ரமணிக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வழி இப்போது ஒரு சட்டைக்குள் இருந்தது.

நாட்கள் ஒழுங்காகப் போயின. விடியலில் புழுக்கையைச் சுரண்டிக் குவிப்பாள், பலா இலை ஒடித்துக் கட்டித் தொங்கவிடுவாள், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிப் பட்டியில் அடைப்பாள். மாலையில் சட்டையை மாட்டிக்கொள்வாள். ஆடுகள் ஓடி வரும். ஆனால் ஒன்றுகூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காது. எல்லாம் அவள் கைகளைப் பார்க்கும், சட்டை மணிக்கட்டில் முடிகிற இடத்தை மோந்துவிட்டு நாக்கால் நக்கும். முதல் நாளில் அந்தச் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. இப்போது தோளில் சரியாக உட்கார்ந்தது. தான்தான் கொஞ்சம் சதை போட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருந்த சந்திரிகா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னா லா ரமணி, ஆட்டையும் பேர் குடுத்துச் சேத்துட்டியா? எந்தப் பெஞ்சுல உக்கார வெச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ரமணியும் சிரித்து வைத்தாள். கிளம்புமுன் சோப்புப் போட்டுக் குளித்திருந்தாள், சேலை மாற்றியிருந்தாள். கையை மூக்கருகே கொண்டுபோனாள். அது ஆட்டு நெடி இல்லை. மழைக்குப் பின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஓரத்திலிருந்து எழும் வாசம், வழவழப்பான வெள்ளைச் சேற்றின் குளிர்ந்த வாசம்.

காய்ச்சலில் செத்தவளின் சட்டையில் குட்டைச் சேறு ஏன் மணக்க வேண்டும்?

மறுநாள் கேட்டாள். அன்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அவங்க காய்ச்சல்லதான செத்தாங்க?"

"காய்ச்சல்தான்."

"ஆஸ்பத்திரியிலயா?"

"செத்தவளப் பத்தி ஒனக்கு என்னா விசாரண? பால் வருதில்ல? படிக்கப் போறல்ல?"

களைந்த நீரோடு அரிசியையும் சேர்த்து அன்னம்மா மண்ணில் கொட்டினாள். அவள் குனிந்து அள்ளவில்லை.

அன்று மத்தியானம், அன்னம்மா தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் போயிருந்த நேரத்தில், ரமணி சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஆடுகள் இப்போது தன்னிடம் பழகிவிட்டன, இனி வாசம் தேவைப்படாது என்று தனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டாள். சரியான கணக்காகத்தான் பட்டது. சட்டையைக் கல்லில் போட்டு அடித்தாள். வெள்ளையாக நீர் வந்தது. மறுபடி சோப்புப் போட்டாள். மறுபடியும் வெள்ளை. சட்டைக்குள் இருக்க முடியாத அளவுக்குச் சேறு, பால் போலக் கரைந்து கரைந்து, குட்டைப் பக்கம் போகும் வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருந்தது. நீர் தெளிந்தபோது அவள் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. உதறிக் கொடியில் போட்டாள். சோப்பு மட்டும் மணத்தது. பல நாட்களுக்குப் பிறகு மூச்சை முழுதாக இழுத்து விட்டாள்.

மாலையில் அதை மாட்டிக்கொண்டு, வகுப்புப் பையை வாசற்படியில் தயாராக வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகை காலியாக இருந்தது.

கதவுக் கட்டை வெளிப்பக்கம் கழன்று கிடந்தது. அடைத்து வைத்த குட்டிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு நின்றன. கத்தவில்லை. பால் குடிக்கும் குட்டிகள், பசி நேரம். ஆனாலும் கத்தவில்லை.

ஆடு தொலைந்தால் வகுப்பும் தொலைந்தது. பஸ் வருவதற்குள் ஓட்டி வந்துவிட வேண்டும். தோட்டத்துக்குள் போகும் செம்மண் சடக்கில் ஈரப் புழுக்கை சிதறிக் கிடந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செம்பனை மரங்களுக்குள் வெளியை விடச் சீக்கிரம் இருட்டியது. மட்டைகளுக்கு நடுவே எங்கோ ஒரு பழம் உதிர்ந்து விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. பூச்சிகளும் வாயடைத்திருந்தன.

"பா... பா..." என்று அழைத்துப் பார்த்தாள். பதில் கனைப்பு வரவில்லை.

தடம் சடக்கை விட்டு இறங்கியது. காலடியில் மண் வெளுத்தது. மரங்கள் முடிந்தன.

குட்டை.

கரையில் ஆடுகள் வரிசையாக நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக. முட்டிக்கொள்ளவில்லை. மேயவில்லை. தண்ணீருக்குள், வயிறு நனைய, கருப்பி மட்டும் நின்றது. காலை அகட்டி. தொண்டைக்குள் கனைத்தபடி.

ஆடு தண்ணீரில் இறங்காது. தூறல் விழுந்தாலே கொட்டகைக்கு ஓடும்.

சர். சர்.

நீருக்கடியிலிருந்து அந்தச் சத்தம் வர முடியாது. வந்தது. கருப்பியின் வயிற்றடியில் கறுத்த தண்ணீர் ஒரு கீற்றாக வெளுத்தது. இன்னொரு கீற்று. இடது, வலது. ஒரே சீராக.

ரமணி கத்த வாயைத் திறந்தாள்.

"சத்தம் போடாத" என்றது ஒரு குரல். "கறந்துக்கிட்டிருக்கா."

அழகேசன் கரையில் குந்தியிருந்தான். அவன் காலடியில் வாளி இல்லை. அவன் குட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் முகத்தில் பயம் இல்லை. அவள் இதுவரை பார்த்திராத ஒரு கனிவு இருந்தது.

"என்னாங்க... யாரு... தண்ணிக்குள்ள யாரு?"

"சட்டையத் துவைச்சிட்டியாக்கும்." அவன் பெருமூச்சு விட்டான். "அதுலயே இருந்திருப்பா தங்கமணி. இப்ப செத்த எடத்துக்கே வந்துட்டா. ஒனக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. படிச்சுட்டு வந்துட்டு இருந்திருப்ப."

"எனக்கு பஸ்ஸு..." என்றாள் ரமணி.

கருப்பி கரையேறி உடம்பை உதறியது. மடி வற்றித் தொங்கியது. அடுத்த ஆடு தானாக இறங்கியது. பிறகு அதற்கடுத்தது. ஓடச் சொல்லி ரமணி தன் கால்களிடம் கெஞ்சினாள். கால்கள் வெள்ளைச் சேற்றில் நின்றன. குட்டை முழுதும் வெளுத்துக்கொண்டு வந்தது.

கடைசி ஆடும் கரையேறியது.

சத்தம் நின்றது.

ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தன. பிறகு, இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் வழி விட்டன.

அழகேசன் எழுந்து வந்தான். அவள் முதுகில், இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தான். முரட்டுத்தனமாக அல்ல. பழகிய கை. தயங்கும் ஆட்டை முன்னே நகர்த்தும் கை.

"ம்... போ" என்றான்.

பால் நிறத் தண்ணீரில் மணிக்கட்டு வரை இரண்டு கைகள் மேலே வந்தன. ஈரத்தை உதறிக்கொண்டன. விரல்களை விரித்து அப்படியே நின்றன, அடுத்ததற்காக.