விளக்கை அணைத்த திருடன்

காலை ஏழு மணிக்கு எழில் கண் விழித்தபோது கடல் காணாமல் போயிருந்தது.

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தில் கடலுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பார்கள். கேட்கட்டும். பட்டாசுக் கம்பெனி வேன்கள் திரும்புகிற முக்கில், நாகையாவின் ஓட்டு வீட்டில், முந்தின இரவு வரை அது பத்திரமாக இருந்தது. முழங்கை நீளத்தில் ஓர் எவர்சில்வர் குழாய். இரண்டு முனையும் அடைத்தது. ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுங்கும். ஓதமானி என்று பெயர். நாகையாவின் மகள் எழில், கடற்கரைகளை அளந்து வரைபடம் போடும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவள். சங்குமேடு என்ற மீனவர் ஊரில் இரண்டு வாரம் தங்கி, அந்தக் குழாயைக் கடலுக்குள் கட்டிவைத்து, நீர் எதுவரை ஏறுகிறது, எதுவரை வற்றுகிறது என்று பதிவு செய்திருந்தாள்.

மறுநாள் காலை அதிகாரிகள் கூட்டம். கடல் அதிகபட்சமாக ஏறி வருகிற இடத்தில்தான் உயர் ஓதக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டிலிருந்து கரைப்பக்கம் குறிப்பிட்ட தூரத்துக்கு யாரும் கட்டடம் எழுப்ப முடியாது. பழைய வரைபடத்தில் கோடு கடல்பக்கமாகத் தள்ளிக் கிடந்தது. அதையே வைத்தால், சங்குமேட்டார் வள்ளம் ஏற்றுகிற, வலை உலர்த்துகிற மணல் முழுவதும் ஓர் ஓட்டல்காரரின் மதில் சுவருக்குள் போய்விடும். மணல் எங்கும் போகாது என்று அந்த ஊர்ப் பெண்களிடம் எழில் வாக்குக் கொடுத்திருந்தாள். அளக்க வந்தவள் அப்படிக் கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் இரண்டு வாரம் அவர்கள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டவள் வேறு என்ன செய்வாள்?

குழாயைக் கடலிலிருந்து எடுத்ததே நேற்றுச் சாயங்காலம்தான். பதிவை இறக்கிக்கொள்ள லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஓதமானியை நிறுத்தக்கூடத் தெம்பில்லாமல், பையை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் படுத்தாள். இப்போது பை முற்றத்து நடுவில் கிடந்தது. லேப்டாப் இருந்தது. கழற்றி வைத்த தங்கக் கம்மல் இருந்தது. குழாய் மட்டும் இல்லை.

உதவி ஆய்வாளர் கற்பகவல்லி எட்டரை மணிக்கு வந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகமெல்லாம் ஒன்றுமில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் பின்னால் கண்ணை அனுப்பினால் பாதி வீடு தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எழிலின் அம்மா சின்னத்தாய், சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் வாங்கி வந்தார்.

"டிரம்மு நெறையத் தண்ணி கெடக்கு மேடம். பல்லி விழுந்துருச்சாம். தொடாதேன்னு இவ அப்பா சொல்லிட்டுப் போயிருக்காக."

"அவுக எங்க?"

"ஆறு மணி வேன்ல கம்பெனிக்குப் போயிட்டாக. அங்கன போன் கொண்டுபோக விட மாட்டாக."

"நீங்க எந்திரிச்சது?"

"அஞ்சு மணி. சாமி விளக்கேத்திட்டுப் பால் வாங்கப் போனேன். வந்து பாத்தா விளக்கு அணைஞ்சு கெடக்கு. காத்தா இருக்கும். கேஸும் அடைச்சுக் கெடந்துச்சு, நான் அடைக்கலை."

கற்பகவல்லி அடுப்படியையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் மேலாவது சந்தேகமா என்று எழிலைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் தருண்குமார். இரவில் காரில் கொண்டுவந்து விட்டவன் அவன்தான். பழைய கோடே போதும், எதற்கு இந்தப் பாடு என்று வந்த அன்றே சலித்துக்கொண்டவனும் அவன்தான். காலையிலிருந்து அவன் போன் அணைந்து கிடக்கிறது. இதைச் சொல்லும்போது எழிலுக்கே நாக்குக் கூசியது.

தருண்குமாரைச் சிவகாசியில் அவன் அப்பாவின் அச்சகத்தில் கற்பகவல்லி பிடித்தார். காலண்டர் சீசன். எல்லா மெஷினும் ஓட, ஒன்று மட்டும் சும்மா நின்றது.

"போன் ஏன் அணைஞ்சிருக்கு?"

"சார்ஜ் போடாமத் தூங்கிட்டேன், மேடம்."

"பழைய கோடே போதும்னீங்களாமே."

"சொன்னேன், வந்த அன்னைக்கு. அதுக்கப்புறம் இடுப்பளவு தண்ணில நின்னு அந்தக் குழாயைக் கட்டுனது நானும்தான். எழில் அதைச் சொல்லலையா?"

கற்பகவல்லி சும்மா நின்ற மெஷின் பக்கம் திரும்பினார். அந்த மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டார். எழிலின் கோடு வந்ததும் வரைபடத்தை அடித்துக்கொடுக்க, அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னான். குழாய் தொலைந்தது தெரிந்ததும் அவன் முகம் வெளுத்ததை நடிப்பென்று எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. லேப்டாப்பையும் கம்மலையும் விட்டுவிட்டுப் போகிற திருடன் யார்? நாள் முழுக்க அதே கேள்விதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் நின்றார். கடைக்காரர் கிளாஸ் அலசிய தண்ணீரைக் கீழே கொட்டாமல், நாலு எட்டு நடந்துபோய் ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றினார். கற்பகவல்லி தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு டீயைப் பாதியில் வைத்தார்.

நாகையா வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வேன் வந்து போயிருந்தது. எழில் உள்ளே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சங்குமேட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டதாம், எடுக்கத் தைரியமில்லை. நாகையா முற்றத்தில் நின்றார். சீசன் அவசரத்தில் குளிக்காமல் வந்த உடம்பு. முகம், கழுத்து, இடக்கை எல்லாம் அலுமினியப் பொடியின் வெள்ளி. வலக்கை மட்டும் தோள்வரை பொடியில்லாமல் இருந்தது. அந்தப் பக்கத்துச் சட்டைக் கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"குடிக்கத் தண்ணி குடுங்கண்ணே."

நாகையா சொம்போடு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"டிரம்முத் தண்ணியே போதும்."

நாகையா நின்றுவிட்டார். கற்பகவல்லி குரலை உயர்த்தவில்லை. வாசலில் நின்ற காவலரை மட்டும் ஜீப்புக்குப் போகச் சொன்னார்.

"பல்லி விழுந்த தண்ணியைக் குடிக்க மாட்டோம், சரி. பாத்திரம் கழுவலாம், செடிக்கு ஊத்தலாம். எட்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி வர்ற ஊர்ல, அம்புட்டுத் தண்ணியையும் மூடி வச்சு யாரும் காவல் காக்க மாட்டாக. இது எனக்குக் காலையிலயே உறைச்சிருக்கணும். காத்து விளக்கை அணைக்கும். கேஸை அடைக்காது. ஒரு சாமானை எடுக்கும் முன்னால, வீட்டுல இருக்கிற நெருப்பையெல்லாம் அணைக்கிற திருடனை நான் பாத்ததில்லை. பையை அடுப்படியில இருந்து தள்ளி வச்சதும் அதுக்குத்தான். வெடிமருந்துல வேலை பாத்த கைதான் அப்படிச் செய்யும். எடுத்தது நீங்கதான்ணே."

சின்னத்தாய் வாயைப் பொத்திக்கொண்டார். எழில் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

நாகையாவின் தம்பி அழகுராஜா, கம்பெனியில் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்று யோசித்த நேரத்தில் அது வெடித்து உயிர்விட்டவர். அதற்குப் பிறகு நாகையா எந்தக் குழாயையும் யோசிக்க மாட்டார். முதலில் தண்ணீர், அப்புறம்தான் யோசனை.

"ரெண்டு பக்கமும் அடைச்சிருந்துச்சு. செவப்பா மினுங்குச்சு. இங்கன அடுப்பு, அங்கன பிள்ளை தூங்குது. டிரம்முக்குள்ள போட்டுட்டேன். வேன்காரன் ஆரன் அடிச்சிட்டான், வந்து கேட்டுக்கலாம்னு போனேன். வந்தா, அதுக்குள்ளதான் அவ கடலே இருக்குன்னு அழுதுக்கிட்டு இருக்கா." அவர் தன் வலக்கையைப் பார்த்தார். "கையை விட்டுத் தடவித் தடவிப் பாத்தேன். மினுங்குறதே தெரியலை, வெளிய எடுத்துப் பாக்கவும் தைரியம் வரலை. செத்துப்போச்சு. எம்புட்டு ஆசையாப் படிக்க வச்சேன். நானே கொன்னுட்டேன்னு அவகிட்ட எந்த வாயால சொல்ல?"

எழில் டிரம்மின் மூடியைத் தூக்கினாள். நாகையாவின் கையிலிருந்து போன வெள்ளி முழுவதும் தண்ணீர்மேல் படலமாக மிதந்தது. அடியில் எது மினுங்கினாலும் மேலே தெரியாது. கையை விட்டுக் குழாயை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பு விளக்கு மினுங்கியது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்பா, இது ரெண்டு வாரமாத் தண்ணிக்குள்ளதான்ப்பா கெடந்துச்சு. தண்ணியில கெடக்கிறதுதான் இதுக்கு வேலையே."

நாகையாவுக்கு அது உடனே புரியவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னதும் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நனைந்த சட்டைக் கையைப் பிழிந்துவிட்டாள். புகார் எதுவும் இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கற்பகவல்லி கிளம்பினார். எழில் முதல் வேலையாகத் தருண்குமாரை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் முறைப்பாகப் பேசிவிட்டு, கோடு எப்போது வரும், மெஷின் நிற்கிறது என்றான்.

மறுநாள் கூட்டத்தில் ஓதமானியின் பதிவு திரையில் ஓடியது. இரண்டு வாரக் கடல் ஏறியும் வற்றியும் நெளிந்து போனது. சங்குமேட்டின் மணல் தப்பியது. கோட்டைக் கரைப்பக்கமாகத் தள்ளிப்போட அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். பதிவின் கடைசித் துண்டை எழில் வெட்டியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தை நடத்திய அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். கடல் முடிந்த பிறகு நேராகப் போகிற இந்தக் கோடு என்ன என்று கேட்டார்.

"எங்க வீட்டுத் தண்ணி டிரம், சார். நேத்து ஒரு நாள் அதுல இருந்துச்சு."

"டிரம்ல ஏது ஏற்றம்? சாயங்காலம் ஒரு சின்ன மேடு தெரியுதே. கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது."

"கையை உள்ள விட்டாத் தண்ணி கொஞ்சம் ஏறுமில்லையா, சார்," என்றாள் எழில். "அது எங்கப்பா கை."

கடைசி வரிசையில், சங்குமேட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருந்த நாகையா, நகக்கண்ணில் இன்னும் வெள்ளி போகாத அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.