ஓவியப் பாறையில் ஒரு பிணம்

"ஐயோ...! அண்ணே!"

நோரீனின் அலறலில் பாறை உச்சியிலிருந்த வெள்ளைக் கிளிகள் படபடத்துப் பறந்தன.

கங்காரு ஓவியத்துக்குக் கீழே அவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த கல்.

நாற்பது வருடம்! ஆர்னம் லேண்ட் பழங்குடிகளின் பாறை ஓவியங்களைக் கோடு கோடாக நகலெடுத்த தொல்லியல் ஆய்வாளர். நோரீனின் பழங்குடிக் குலமே தத்தெடுத்து, அவளுக்கு அண்ணனாக்கிய வெள்ளைக்காரர்.

பெயரா? நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுங்கள், காரணம் தெரியும்.

நோரீன் கூட்டி வந்த போலீஸ் சார்ஜென்ட் வேட் உதட்டைப் பிதுக்கினார்.

"உன் தம்பி லாசரஸ் எங்கே? நேத்து லெனர்டோட சண்டை போட்டானாமே?"

"பேரைச் சொல்லாதீங்க சார்!" ரேஞ்சர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள் நோரீன். "செத்தவங்க பேரை நாங்க வாயால சொல்ல மாட்டோம். இனிமே அவர் 'அந்தப் பெரியவர்'. அவ்வளவுதான்."

"சரிம்மா... சண்டை எதுக்கு?"

"ஒரு படத்தை போட்டோ எடுக்கக் கூடாதுன்னான் தம்பி. இவரும் கேமராவை மூடிட்டாரு. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து மீன் சுட்டுத் தின்னாங்க!"

"மீன் வந்து கோர்ட்ல சாட்சி சொல்லாது. அவனுக்கு விலங்கு மாட்டித்தான் ஆகணும்."

லாசரஸுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அப்பாவி மனுஷன், ஓர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்!

வேட் ரேடியோவை எடுத்தார். சாவுச் செய்தியை ஊரே கேட்கிற ரேடியோவில் சொல்ல முடியுமா?

"டாக்டர் கொலின்! லெனர்டுக்குக் கால்ல அடி. மருந்துப் பெட்டியோட ஓவியப் பாறைக்கு வாங்க!"

கொலின், இறந்தவரிடம் இருபது வருடமாக உதவியாளர். டாக்டர் பட்டம் ஆராய்ச்சிக்கு வாங்கியது; முகாமின் மருந்துப் பெட்டியும் அவர் பொறுப்பு. நிமிடத்துக்கு நாலு தரம் அவரைச் செல்லமாகப் பேர் சொல்லி அழைக்கிற ஆசாமி.

ஜீப் சீறி வந்து நின்றது. பிணம் பாறைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம்; இங்கிருந்து தெரியாது. கொலின் பெட்டியோடு குதித்தார்.

"எங்கே நோரீன் அந்தப் பெரியவர்? வலி ரொம்பவா?"

நோரீன் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரு?"

"அதான்... அந்தப் பெரியவர்..."

"நேத்து வரைக்கும் பேர் சொல்லித்தானே கூப்பிட்டீங்க? கால்ல அடிபட்டா பேரை விட்டுடுவோமா டாக்டர்?"

பெட்டி கொலினின் கையிலிருந்து நழுவியது.

"உங்க... வழக்கம்... பழகிப் போய் வாய்ல..."

"அது செத்தவங்களுக்கான வழக்கம். அவர் செத்தது உனக்கு எப்படிடா தெரியும்?"

வேட் பாய்ந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கொலின் மண்டியிட்டார்.

"இருபதாயிரம் வருஷத்து ஓவியம்னு புத்தகம் போட்டுப் பேர் வாங்கினேன்! வயசுச் சோதனைக்கு நான் அனுப்பினது வேற பாறையோட மண்ணுன்னு கண்டுபிடிச்சிட்டாரு... உலகத்துக்கே சொல்லப் போறேன்னாரு!"

நோரீன் வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"கவலைப்படாதே கொலின். உன் பேருக்கு ஒண்ணும் ஆகாது... ஜெயில்ல ஆள் எண்ண தினம் ரெண்டு வேளை அதைச் சொல்லிக் கூப்பிடுவாங்க!"