இகராஷிக்கு வைத்த சோறு

பேருந்தை விட்டு இறங்கும்போதே கினுயே சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள்.

கணவன் ஷிகெஸோ மலையடிவாரத்தில் பூட்டிக் கிடந்த தன் அப்பா வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதமாகிறது. பர்மா போரில் உடனிருந்தவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள், தன் பங்கைத் தனிமையில் எழுதிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன். போன வாரம் அந்த ஊர் அரிசிக்கடைக்காரி நகரத்துக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் தினமும் ரெண்டு பேருக்குச் சமைக்கிறாரே, யாரு விருந்தாளி?"

அன்றிலிருந்து கினுயேவுக்குச் சோறு இறங்கவில்லை.

கூரை வரை பனி மூடி, வீட்டுக்குள் பகலிலேயே இருட்டாக இருந்தது. கதவைத் தள்ளியதும் முதலில் மூக்கைத்தான் நீட்டினாள். பவுடர் வாசனை இல்லை. மழையில் ஊறி அழுகிய இலைகளின் வாடை. வெளியே ஆறடிப் பனி. இலை எங்கிருந்து வந்தது?

ஷிகெஸோ சாப்பிட உட்கார்ந்திருந்தான். எதிரே இன்னொரு தட்டு. சோறு, உப்பிட்ட மீன், மூடி போட்ட சூப்புக் கிண்ணம்.

"எங்க அவ?"

"எவ?"

"ரெண்டாவது தட்டு யாருக்கு வச்சீங்க? எலிக்கா?"

"இகராஷிக்கு."

அவளுக்குக் கோபம் திசை தெரியாமல் நின்றது. வீட்டு ஆள் போருக்குப் போனால், அங்கே அவன் பட்டினி கிடக்கக்கூடாதென்று இங்கே அவன் பேரில் சோறு வைப்பார்கள். மூடியைத் திறக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தால் ஆள் உயிரோடிருக்கிறான். ஷிகெஸோவுக்காக அவளும் மூன்று வருஷம் வைத்தாள். ஆனால் அவனோடு போரில் இருந்த இகராஷி பர்மாவிலிருந்து திரும்பவே இல்லை. போர் முடிந்து பதினேழு வருஷம்.

"செத்தவங்களுக்குப் பூஜை மாடத்துல படைக்கணும். இது உயிரோட இருக்கறவங்களுக்கு வைக்கிறது. அதுகூடவா தெரியாது?"

"அவன் செத்ததை நான் பாக்கலையே, கினு." அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூரைப் பனியைத் தள்ளப் போய்விட்டான்.

தலைக்கு மேல் சரக், சரக் என்று மண்வெட்டிச் சத்தம். அவள் மேசையிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்தாள். முந்நூறு பக்கம். தன் பேரைத் தேடினாள். இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இகராஷி. இகராஷி சிரித்தான், இகராஷி பாடினான், இகராஷியின் காய்ச்சலுக்கு நான் இரவெல்லாம் விழித்திருந்தேன். அவள் பிரசவத்தில் ஒரு ராத்திரிகூட விழித்திராத மனுஷன்.

ஓரிடத்தில் மட்டும் அவள் வந்தாள். இகராஷிக்கு வீட்டில் சோறு வைக்க யாருமில்லை. தினமும் பொழுது சாயும்போது, "இன்னிக்கு அண்ணி என்ன வச்சிருப்பாங்க?" என்று கேட்பானாம். ஷிகெஸோ முள்ளங்கி, மீன் என்று சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவானாம்.

அப்படியானால் தான் பட்டினி கிடந்து வைத்த சோற்றில் பாதியைத் தின்றவன் இவன்தான்.

கடைசிப் பக்கம். பின்வாங்கும்போது இகராஷியால் நடக்க முடியவில்லை. தன்னைத் தானே முடித்துக்கொள்ளட்டும் என்று அவன் கையில் ஒரு கையெறி குண்டைக் கொடுத்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள். 'தண்ணி கொண்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.' அதற்கு மேல் எழுத்து இல்லை.

இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். அவள் அந்தத் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்து, இகராஷியின் சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள்.

ருசியே இல்லை. உப்பு மீனில் உப்பில்லை.

யாரோ ஏற்கெனவே ருசியை மட்டும் தின்று முடித்த சோறு.

கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். சூப்பு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. மூடியின் அடியில் துளித் துளியாக நீர்.

அழுகிய இலை வாடை காதோரம் வந்து நின்றது.

மேலே மண்வெட்டிச் சத்தம் நிற்கவில்லை.

"இன்னிக்கு என்ன வச்சீங்க, அண்ணி?"

அவள் திரும்பவில்லை. எழுந்து பனியில் ஓடி, கூரையைப் பார்த்து நின்றாள். "கீழ இறங்குங்க. இப்பவே வீட்டுக்குப் போறோம்."

"முடிக்கலையே."

"ஒரு வரிதான பாக்கி? செத்துட்டான்னு எழுதுங்க. அவனா நானான்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்."

ஷிகெஸோ மண்வெட்டியைப் பனியில் குத்தி வைத்தான். பிறகு இறங்கி வந்து, அவள் பக்கத்தில் நிற்க, எழுதினான். இகராஷி மரத்தடியில் இறந்தான். பேனாவை மூடும்போது அவன் தோள்கள் குலுங்கின. கினுயே அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் தனக்கே உரியவன் என்று பட்டது.

மதியப் பேருந்தில் கூட்டமில்லை. ஷிகெஸோ முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு வந்த கினுயே, அவன் பக்கத்து இருக்கையில் உட்காரக் குனிந்தாள்.

நடத்துனர்ப் பெண் அவள் கையைத் தொட்டாள்.

"அக்கா, அங்கதான் ஆள் இருக்காரே. பின்னாடி காலியா இருக்கு, வாங்க."

இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் மெத்தை நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. ஷிகெஸோ, கேட்காமலே, ஜன்னலை ஒட்டி நெருங்கி இடம் விட்டிருந்தான்.

பேருந்து கிளம்பியது.

கினுயே வீடு வரை நின்றுகொண்டே வந்தாள்.